நோட்டில் நான் கிழித்த பக்கம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ பெங்களூருக்குக் கிளம்பும்போது நான் வாசலுக்கு வரவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். நீ கட்டில் பக்கத்தில் வந்து நின்று, "மாத்திரை போட்டியாம்மா? போயிட்டு வாரேன்" என்றாய். நான் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டினேன். எனக்குத் தலைவலியெல்லாம் ஒன்றுமில்லை. உன் முகத்தைப் பார்த்தால் வாயிலிருந்து என்ன வந்து விழுமோ என்று பயமாக இருந்தது. போனில் இதைச் சொல்ல என்னால் ஆகாது. நடுவில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், நானும் அதோடு நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். ஆபீசில் வைத்துப் படிக்காதே. அறைக்குப் போய், சாப்பிட்ட பிறகு படி.

அன்றைக்கு மத்தியானம் நீ லேப்டாப்பைத் திறந்து உன் கம்பெனி செய்கிற வேலையைக் காட்டினாயே, அதில்தான் ஆரம்பித்தது. தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புக் கருவி. அதன் மேல் கட்டைவிரலை வைத்தாய். திரையில் உன் போட்டோ, பெயர், விலாசம், கீழே அப்பா பெயர் எல்லாம் வந்து நின்றது. "இனிமே எந்த பிரவுசிங் சென்டர்லயும் நோட்டு கெடையாதும்மா. வர்றவன் விரலை வச்சாப் போதும். ஆளு யாரு, எந்த ஊரு, எப்ப வந்தான், எந்த சிஸ்டத்துல உக்காந்தான், அம்புட்டும் ஒரே எடத்துக்குப் போயிரும்" என்றாய். யார் அதைப் பார்க்கலாம் என்று கேட்டேன். "சென்டர் வச்சிருக்கவுங்க எல்லாரும் பாக்கலாம். அதானே வசதி" என்றாய். நான் அந்தக் கருவியை உன் பக்கம் தள்ளிவைத்ததைப் பார்த்துவிட்டு, "தப்புப் பண்ணாதவனுக்கு என்னம்மா பயம்?" என்று சிரித்தாய். பெரிய மனிதர்கள் எல்லாரும் சொல்கிற பேச்சுதான் அது. ஒரு காலத்தில் நானும் அதைத்தான் சொன்னேன், உன்னைவிடச் சத்தமாக.

நம் எஸ்.டி.டி. பூத் உனக்கு நினைவிருக்கும். பசுமலையில் மெயின் ரோட்டை ஒட்டி, மஞ்சள் போர்டு போட்டு, உள்ளே ஒரு ஆள் நிற்கிற கண்ணாடிக் கூண்டு. நீ அப்போது ஐந்தாவது படித்தாய். அந்த நாளில் பேச வருகிறவன் யார் எவர் என்று நான் ஏறிட்டுப் பார்ப்பதே இல்லை. கூண்டுக்குள் அழுவார்கள், சண்டை போடுவார்கள், மகன் பிறந்த சேதியைக் கத்திச் சொல்வார்கள். அடுத்தவர் பேச்சில் காது வைக்கக் கூடாது என்று நான் வாரப் பத்திரிகையைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். அதைப் பெரிய மரியாதையாக நினைத்திருந்தேன். ஒரு முகூர்த்த நாளில் எவனோ ஒருவன் உள்ளே போய், பேசினான், காசைக் கொடுத்தான், போய்விட்டான். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் குண்டு வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறான். பந்தி நடந்துகொண்டிருந்த நேரம். ஜனம் விழுந்தடித்து ஓடியதில் ரசக் குண்டான் சரிந்து, உன்னோடு படித்த செல்வியின் காலில் கொட்டிவிட்டது. குண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. செல்விக்கு மட்டும் இடது பாதம் சுருங்கிப்போனது. இன்றைக்கும் அவள் செருப்பு மாட்டச் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.

போன் நம் பூத்திலிருந்துதான் போயிருக்கிறது என்று கண்டுபிடித்து போலீஸ் வந்தது. ஆள் நெட்டையா குட்டையா, என்ன சட்டை, மீசை இருந்ததா என்று கேட்டார்கள். நான் விழித்தேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. "கடைய தொறந்து வச்சுக்கிட்டு என்னத்தம்மா பாத்துக்கிட்டு இருந்த?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். லைசென்ஸ் உங்கள் அப்பா பெயரில் இருந்ததால் அவரை அழைத்துப்போய் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு ஒரு காது வீங்கியிருந்தது. கதவு இடித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னோம். செல்வியின் அம்மா என்னைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. பேசியவன் இன்றுவரை அகப்படவில்லை. கடைக்கு வருகிற ஒருத்தன் முகமும் தெரியாமல் இனி இருப்பதில்லை என்று அன்றைக்குச் சபதம் செய்தேன்.

செல்போன் வந்து பூத் படுத்த பிறகு, அதே இடத்தில் ஆறு கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டு பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தோம். ஸ்டேஷனிலிருந்து வந்து, வருகிறவர்கள் பெயர், விலாசம் எழுதி வாங்குங்கள், ஏதாவது ஒரு அட்டையின் ஜெராக்ஸ் வாங்கி வையுங்கள் என்று சொன்னார்கள். மற்ற சென்டர்காரர்கள் முனகினார்கள். நான் சந்தோஷமாக நீள நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். அவர்கள் கேட்டது போதவில்லை என்று நானாக இரண்டு கட்டம் சேர்த்தேன்: அப்பா பெயர், சொந்த ஊர். அட்டை கொண்டுவராதவர்கள் அந்த இரண்டையும் கட்டாயம் எழுத வேண்டும் என்று சட்டம் வைத்தேன். நம் பக்கத்தில் ஒரு ஆளைத் தெரியும் என்றால் வேறு எப்படித் தெரியும்? எந்த ஊர், யார் மகன் என்று கேட்டு, அங்கே நமக்குத் தெரிந்த ஒருவர் பெயரைச் சொல்லி, அவர் தலையை ஆட்டினால்தான் நமக்குத் திருப்தி. அந்தப் பழக்கத்தைக் கோடு போட்டு நோட்டில் ஏற்றினேன். போலீஸ்காரரே பார்த்துவிட்டு, "பரவால்லயேம்மா" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இனி ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயரை நான் எழுத மாட்டேன், ஊரையும் எழுத மாட்டேன். இருபத்திரண்டு வயது இருக்கும். மேற்கே ஒரு கிராமம். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு வந்து, திருப்பரங்குன்றத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். வியாழக்கிழமை மத்தியானம், கடை காலியாக இருக்கும் நேரம் பார்த்து, முக்காட்டை இறக்காமல் வருவாள். சென்னையில் இருக்கும் கல்லூரித் தோழிக்கு மெயில் எழுதுவாள். அங்கே ஒரு வேலை கிடைத்தால் இரண்டு பேரும் போய்விடலாம் என்பதுதான் அவள் கணக்கு. முதல் நாள் அட்டை கேட்டேன். "ரேசன் கார்டு அப்பா வீட்டுல இருக்குக்கா" என்றாள். அப்படியானால் அப்பா பெயரும் ஊரும் எழுது என்றேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். "வேற பேரு எழுதலாமாக்கா? எங்க வீட்டு ஆளுங்க தேடுறாங்க" என்று கேட்டாள். வாயைத் திறந்து கேட்டாள் தம்பி. நான், "பொய் எழுதிட்டு நாளைக்கு எனக்குல்ல கேடு? தப்புப் பண்ணாதவளுக்கு எதுக்கு பயம்? எழுதும்மா, என் நோட்டை யாரு பாக்கப்போறா" என்றேன். எழுதினாள். கையெழுத்து குண்டு குண்டாக, அழகாக இருக்கும்.

நான்கு மாதம் வந்திருப்பாள். நாள் போகப் போக முக்காட்டை எடுத்துவிட்டு உட்கார ஆரம்பித்தாள். எனக்குக் கடலை வாங்கி வருவாள். ஒரு வியாழக்கிழமை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்து, "அக்கா, வேலை கெடச்சிருச்சு. ஒண்ணாந் தேதி வரச் சொல்லிட்டாங்க. அவருக்கும் பாத்துத் தர்றாளாம்" என்றாள். ஒன்றாம் தேதிக்கு மூன்று வாரம்கூட இல்லை. அன்றைக்கு அவளுக்குப் பிறகு யாரும் வரவில்லை. புதுப் பக்கத்தில் முதல் வரியில் அவள் பெயர் மட்டும் இருந்தது. மறுநாள் பிளஸ் டூ ரிசல்ட்.

அந்த வெள்ளிக்கிழமையை நீ உன் சிநேகிதர்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். ஆயிரத்து எண்பத்தேழு. ரிசல்ட் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது, கடைக்குள் நாற்பது பேர், நீ ஆறாவது சிஸ்டத்தில் உட்கார்ந்து உன் நம்பரைத் தட்டியதும் மார்க் வந்தது. நான் ஊரே கேட்கக் கத்தினேன். ஆரஞ்சு மிட்டாய்ப் பாக்கெட்டை உடைத்து வந்தவர் போனவர்க்கெல்லாம் கொடுத்தேன். "எங்கம்மா அன்னைக்கு ஆடுன ஆட்டம் இருக்கே" என்பாய் நீ. அந்தக் கூட்டத்திலும் என் சட்டத்தை நான் விடவில்லை. எழுதிவிட்டுத்தான் வரிசை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளை வேட்டி, மகளின் நம்பர் எழுதிய சீட்டோடு வந்தார். எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், முதலில் எழுதியவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று மேலே பார்த்தார். விரலை முதல் வரியில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, இந்தப் பிள்ளை இங்க வருமா?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வரும்ணே. வியாழக்கிழமை வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு வரும். உங்க ஊரா?" என்றேன். "சொந்தக்காரப் பிள்ளைதான். நல்லா இருக்கா?" என்றார். "நல்லா இருக்குண்ணே, புருசனும் நல்ல மாதிரி. சென்னையில வேலை கெடச்சிருச்சு, ஒண்ணாந் தேதி போறாங்க" என்றேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கையிலும் ஒரு மிட்டாயை வைத்தேன். அவள் பெயருக்குக் கீழே, பத்துப் பதினைந்து வரி தள்ளி, அவர் தன் பெயரையும் அதே ஊரையும் எழுதினார். அந்த மனிதர் கெட்டவர் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. காணாமல்போன பெண் உயிரோடு இருக்கிறாள் என்று ஊரில் போய்ச் சொல்லியிருப்பார். அது நல்ல சேதி என்றுகூட நினைத்திருக்கலாம்.

அடுத்த வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அவள் வந்தாள். இரண்டரைக்கு ஒரு வேன் வந்து நின்றது. இறங்கிய இரண்டு பேரைப் பார்த்ததும் அவள் நாற்காலியோடு பின்னால் போனாள். பெரியவன் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அம்மாவுக்கு முடியலம்மா. ஆஸ்பத்திரில கெடக்கு. உன்னையத்தான் கேக்குது. ஒரு எட்டு பாத்துட்டு வந்துரு" என்றான். கூடப்பிறந்த அண்ணன்கள். அவள் என்னைப் பார்த்தாள். போகட்டுமா என்று கேட்கிற பார்வை. நான், "அம்மால்ல, போயிட்டு வா" என்றேன். "அவருகிட்டச் சொல்லிருங்கக்கா, ரெண்டு நாள்ல வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். ஐந்தாம் நாள் அவள் புருஷன் கடை வாசலில் வந்து உட்கார்ந்தான். வயிற்றுவலி தாங்காமல் மருந்தைக் குடித்துவிட்டாள் என்று அவர்கள் வீட்டில் சொல்லி, இவன் போய்ச் சேர்வதற்குள் எரித்தும் விட்டார்களாம். அம்மா நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

நீ அந்த வாரம் கவுன்சிலிங் பாரம் வாங்க அப்பாவோடு அலைந்துகொண்டிருந்தாய். அந்தப் பெண் ஊருக்குப் போய்விட்டாள் என்று உன்னிடம் சொன்னேன். அவள் புருஷன் வந்துபோன அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. போலீஸ் வரும், நோட்டைக் கேட்கும், நீதானே காட்டிக்கொடுத்தாய் என்பார்கள், உன் அப்பாவை மறுபடியும் உட்கார வைப்பார்கள், உன் படிப்பு கெடும். இதுதான் ஓடியது. விடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். ஏழு வருஷமாக ஒரு முகம் விடாமல் எழுதிவைத்தே தீருவேன் என்று நின்றவள் நான். கிழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பையன் திரும்ப வந்தான். சட்டையெல்லாம் அழுக்கு. "அக்கா, எங்க எடமே அவுங்களுக்குத் தெரியாதாம். அவதான் சண்டை போட்டுக்கிட்டு தானா வீட்டுக்கு வந்தான்னு ஸ்டேசன்ல எழுதிக் குடுத்திருக்காங்க. அவுங்க ஊரு ஆளு யாரும் இங்க வந்து அவ பேரைப் பாத்திருக்காங்களான்னு உங்க நோட்டைப் பாருங்கக்கா. அண்ணனுங்க வந்து ஏத்திட்டுப் போனதை நீங்க பாத்தீங்கள்ல, அதை மட்டும் சொல்லுங்க. இது ரெண்டும் இருந்தா கேசு நிக்கும்னு வக்கீலு சொல்றாரு" என்றான். நான் நோட்டை எடுத்துக்கூடக் காட்டவில்லை. "அப்புடி யாரும் எழுதலையே தம்பி" என்றேன். "நான் உள்ள வேலையா இருந்தேன். வந்தது யாருன்னு சரியாப் பாக்கல" என்றேன். பூத்தில் நிஜமாகப் பார்க்காமல் இருந்துவிட்டு அதற்காகத் தலை குனிந்தவள், இப்போது கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று துணிந்து சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "சரிக்கா. உங்களுக்கும் பிள்ளை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். கேசை முடித்துவிட்டார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஆறு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. நீ ரிசல்ட் கதையைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். கவனித்திருக்க மாட்டாய். உன் வாழ்க்கையின் நல்ல நாளில் இதைக் கொண்டுவந்து ஒட்ட எனக்கு மனசு வரவில்லை. இப்போது ஒட்டிவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

அந்த வேலை வேண்டாம், விட்டுவிட்டு வா என்று சொல்ல வரவில்லை தம்பி. செல்வியின் பாதத்தைப் பார்த்தவள் அப்படிச் சொல்ல முடியாது. அன்றைக்கு உன் கருவி இருந்திருந்தால் அந்தப் பயல் மாட்டியிருப்பான், உன் அப்பா காது பிழைத்திருக்கும். ஆனால் தப்புப் பண்ணாதவனுக்கு என்ன பயம் என்று மட்டும் இனிமேல் யாரிடமும் சொல்லாதே. அந்தப் பெண் என்ன தப்புப் பண்ணினாள்? பயப்பட அவளுக்கு எல்லாக் காரணமும் இருந்தது, எனக்குத்தான் காது இல்லை. உன் மேலதிகாரியிடம் கேள்: எழுதி வாங்கியதை யார் யார் பார்க்கலாம், எதற்காகப் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், பெயரைச் சொல்ல முடியாமல் வருகிறவளுக்கு என்ன வழி என்று கேள். சிரித்தால் சிரிக்கட்டும். அவர்கள் சிரிக்கிறார்கள் என்று நீ கேட்காமல் வந்துவிடாதே. சென்டர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பார்க்கலாம் என்றாயே, அந்த வசதி என் மாதிரி ஆட்களுக்குக் கொடுக்கிற வசதி. கடைக்காரி வாய் சும்மா இருக்காது. சந்தோஷம் வந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிடும். அதே கடைக்காரி பயம் வந்தால் கிழித்து அடுப்பில் வைப்பாள். நான் கெட்ட எண்ணத்தில் இரண்டையும் செய்யவில்லை. கெட்ட எண்ணமே இல்லாதவர்கள் கையிலும் அது நிற்க வேண்டும். நினைத்த மாத்திரத்தில் காட்டவும் முடியக் கூடாது, அழிக்கவும் முடியக் கூடாது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது படித்த உனக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் இப்போது ஆனையூரில் இருக்கிறான். டூவீலர் மெக்கானிக். திரும்பக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விசாரித்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் பஸ் ஏறிப் போகிறேன். பக்கம்தான் போய்விட்டது, அதில் இருந்த பெயர் எனக்குத் தெரியும், வேனில் வந்த முகம் தெரியும். அவன் அந்த வக்கீலிடம் கூட்டிப்போனால் போய்ச் சொல்வேன், கோர்ட்டில் கேட்டால் அங்கேயும் சொல்வேன். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்பார்கள், உன் பெயரும் அடிபடலாம். அதனால்தான் உனக்கு முதலில் தெரிவிக்கிறேன். உன் சம்மதம் கேட்கவில்லை.

அவனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நாளாக வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். "தம்பி, அன்னைக்கு நான் பாத்தேன்" என்பது வரைக்கும் வருகிறது.

அம்மா